பாலைவன மாநகரும் மலைநாட்டுப் பயணியும்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலிக் கரையை அடுத்து அமைந்த பல்லேகலப் பகுதியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் அண்மைக் காலத்தில் ஒரு புதிய வழக்கம் தலையெடுத்திருக்கிறது. விடுமுறை வந்தால் நுவரெலியாவுக்கோ கதிர்காமத்துக்கோ செல்வதும், சற்று வசதி படைத்தோராயின் தமிழகத்துக் கோயில்களைத் தரிசித்து வருவதுமே முன்னாளில் நம்மவர் வழமை. இன்றோ மருத்துவரும் ஆசிரியரும் வங்கி அலுவலரும், மிளகு நல்ல விலைக்குப் போன ஆண்டில் சிறு தோட்டக்காரரும், “டுபாய் நகரைப் பார்த்து வருவோம்” என்று குடும்பத்தோடு புறப்படுகின்றனர்.

வளைகுடா நாட்டுக்குப் போவது என்றால் நேற்றுவரை நம்மிடையே அதற்கு ஒரே பொருள்தான் இருந்தது. கைக்குழந்தையைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, அயலார் வீட்டுச் சமையற்கட்டுக்கு ஒரு தாய் போகிறாள் என்பதே அப்பொருள். இன்று அச்சொல்லுக்கு இரண்டாவது பொருளும் பிறந்திருக்கிறது. பணியாளாக மட்டுமே அறியப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்திலிருந்து சிலரேனும் விருந்தினராக அந்நாட்டின் வாயிலில் நிற்பது மகிழத்தக்க மாற்றமே. பணத்தை வீணாக்குகிறார்கள் என்று அவர்களைப் பழிப்போர் கட்சியில் நாம் இல்லை. உலகத்தைக் காண்பது செல்வர்க்கு மட்டும் உரிய உரிமையன்று.

ஆயின், காண்பதிலும் இருவகை உண்டு. கோபுரத்தின் உச்சியைக் கண்டு வாய் பிளந்து திரும்புவது ஒருவகை. அக்கோபுரம் எப்படி எழுந்தது, எவர் தோளில் எழுந்தது, நம் நாட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டுத் திரும்புவது மற்றொருவகை. சென்ற மார்கழி விடுமுறையில் நாமும் முதன்முறையாக அந்நகரைச் சென்று கண்டோம். கண்டவற்றையும் கருதியவற்றையும் நம் வாசகர் முன் வைக்க விழைகின்றோம்.

எண்ணெய் மட்டுமா காரணம்?

“அவர்களுக்கு எண்ணெய் இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது?” என்பது நம் நாட்டில் அரசியல்வாதி முதல் முச்சக்கர வண்டி ஓட்டுநர் வரை எல்லோரும் கூறும் சமாதானம். சோம்பலுக்கு இதைவிட வசதியான திரை வேறில்லை. வரலாற்றைப் புரட்டுவோர் அத்திரை கிழியக் காண்பர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டுபாய், ஒரு கடற்கழியின் இருகரையிலும் அமைந்த சிற்றூர். முத்துக் குளித்தலே அதன் உயிர்நாடி. அக்காலத்தில் நமது மன்னார்க் கடலில் பிரித்தானிய அரசு முத்துக் குளிப்பு நடத்தியபோது, கூலிக்குச் சுழியோட வந்தோருள் வளைகுடா நாட்டு அராபியரும் இருந்தனர். அன்று அவர்கள் வயிறு பிழைக்க நம் கடலுக்கு வந்தார்கள். இன்று நாம் வயிறு பிழைக்க அவர்கள் மணலுக்குப் போகிறோம். காலச்சக்கரம் சுழன்றது என்று பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடலாகாது. அதைச் சுழற்றிய கைகள் எவை என்று ஆராய வேண்டும்.

யப்பானியர் செயற்கை முறையில் முத்து வளர்க்கக் கற்றதும், 1929இல் உலகப் பொருளாதாரம் வீழ்ந்ததும் முத்து வணிகத்தைச் சாய்த்தன. டுபாய் பஞ்சத்தில் விழுந்தது. 1958இல் ஆட்சிக்கு வந்த சேக் ராசித் பின் சயீத், 1959இல் அக்கடற்கழியைத் தூர்வாரும் பணியைத் தொடங்கினார். கையில் பணமில்லாமல், கடன் பெற்றே அதைச் செய்தார். எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதோ 1966இல்தான். முதல் ஏற்றுமதி 1969இல். அதாவது, எண்ணெய் வருவதற்கு முன்னரே திட்டம் வந்துவிட்டது. எண்ணெய் வந்தபின் அது தீர்ந்துவிடும் என்பதை உணர்ந்து, 1972இல் ஒரு துறைமுகம், 1979இல் யெபல் அலியில் பாலைநிலத்தைத் தோண்டி மற்றொரு பெருந்துறைமுகம், 1985இல் தீர்வையற்ற வணிக வலயமும் சொந்த விமான நிறுவனமும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். இன்று அந்நகரின் வருவாயில் எண்ணெயின் பங்கு மிகச் சிறிது. 1968ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 59,000 பேர் வாழ்ந்த இடத்தில் இன்று 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர்.

அவர்கள் கடற்கழியைத் தூர்வார ஆயத்தமான அதே காலத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? ஆசியாவின் சிறந்த துறைமுகங்களுள் ஒன்றாகிய கொழும்பு நம்மிடம் இருந்தது. தேயிலையும் றப்பரும் தெங்கும் இருந்தன, கற்றறிந்தோர் இருந்தனர். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றினோம். 1958இல் தமிழர் வீடுகள் எரிந்தன. நாட்டின் அறிவும் ஆற்றலும் எந்த மொழியில் முத்திரை குத்துவது என்ற வழக்கில் செலவாயின. எண்ணெய் இல்லாமை நம்மைக் கெடுக்கவில்லை. ஒற்றுமை இல்லாமையே கெடுத்தது.

பயணி கண்டவை

கட்டுநாயக்காவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கும் குறைந்த பயணம். இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னோக்கித் திருப்ப வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரை உள்ள காலமே நம்மவர்க்கு ஏற்றது. கோடையில் வெயில் 40 பாகைக்கு மேல் ஏறிவிடும். நம் நாட்டுக் கடவுச்சீட்டு உடையோர் முன்கூட்டியே விசா பெற்றுச் செல்ல வேண்டும். நம் ஊரில் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வலிநிவாரண மாத்திரைகளுள் சில அங்கே தடைசெய்யப்பட்டவை. முன்னனுமதி இன்றிக் கொண்டு செல்வோர் சிறைக்கும் செல்ல நேரும். முன்பின் அறியாதவரை, குறிப்பாகப் பெண்களை, அவர்தம் இசைவின்றிப் படம் பிடித்தல் குற்றம். இவற்றைப் பயண முகவர் எல்லோரும் சொல்வதில்லை. ஆதலின் ஈண்டு நாம் சொல்லி வைக்கின்றோம்.

2009ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் தொடங்கப்பட்ட நகரப் புகைவண்டி, ஓட்டுநரின்றி ஓடுகிறது. புகையும் இல்லை, ஓட்டுநரும் இல்லை. ஆயினும் நேரம் தவறுவதைக் காணோம். வண்டிக்குள் ஒரு மிடறு தேநீர் அருந்தினாலும் தண்டம் கட்ட வேண்டும். பெண்களுக்கும் சிறுவர்க்கும் தனிப்பெட்டி உண்டு. கண்டி நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பேருந்துக்காக ஒரு மணி நேரம் வெயிலில் காய்ந்த எவர்க்கும் இதைக் காணும்போது நெஞ்சு பொருமாமல் இராது.

பெருங்கோபுரத்தைப் பற்றி எல்லோரும் அறிவர். 828 மீற்றர் உயரம். 2010 சனவரி 4ஆம் நாள் திறக்கப்பட்டது. 124ஆம் மாடியில் நின்று கீழே நோக்கினால் நெடுஞ்சாலைகள் நூல் இழைகளாகவும், அப்பால் கடல் ஒருபுறமும் மணல் ஒருபுறமுமாகவும் தோன்றுகின்றன. மேலே ஏறிக் காண்பதற்கு ஒருவர் கொடுக்கும் கட்டணம் நூறு திர்ஹாமுக்கு மேற்பட்டது. மாலை நேரத்தில் இன்னும் அதிகம். காலையில் செல்வோர்க்குக் காட்சியும் தெளிவு, செலவும் குறைவு.

ஆயினும் நம் மனத்தைக் கவர்ந்தது அக்கோபுரமன்று, பழைய கடற்கழியே. 1787இல் கட்டப்பட்ட அல் பாகிதிக் கோட்டையின் பவளக்கல் சுவர்களைக் கண்டபின், சில அடி தூரம் நடந்தால் படகுத் துறை. ஒரு திர்ஹாம் கொடுத்தால், மரப்படகில் அக்கரை சேர்க்கிறார்கள். எம்மோடு அப்படகில் இருந்தோர் வங்காளத்துக் கட்டடத் தொழிலாளரும், பாக்கித்தானியரும், மலையாளத்துக் கடைக்காரரும், பிலிப்பைன்சுப் பெண்களும். அராபியர் ஒருவரேனும் இல்லை. அந்நகரின் உண்மையான குடிக்கணக்கை அப்படகே எமக்குச் சொல்லிவிட்டது.

அக்கரையில் தேரா. பொன் கடைத்தெருவும் வாசனைத் திரவியக் கடைத்தெருவும் அங்கே உள்ளன. குங்குமப்பூ ஈரானிலிருந்து வருகிறது. சாம்பிராணி ஓமானிலிருந்து வருகிறது. வளைகுடா மக்கள் காப்பியில் இட்டுப் பருகும் ஏலக்காயில் பெரும்பங்கோ உலகின் மறுகோடியில் உள்ள கவாட்டமாலா நாட்டிலிருந்து வருகிறது. கண்டியிலும் மாத்தளையிலும் கராம்பும் சாதிக்காயும் ஏலமும் மிளகும் விளைவிக்கும் நம் கமக்காரர் இதனைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். ஏலம் நமது மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் ஈழத்து மலைகளுக்கும் பழம் பயிர். கடல் கடந்து போய் வேரூன்றிய நாட்டினர் சந்தையைப் பிடித்துக்கொண்டனர். பிறந்த நாட்டினர் இடைத்தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்டி நிற்கின்றனர்.

இலை நமது, இலாபம் யாரது?

பெரிய கடையொன்றில் தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருந்த பகுதிக்குச் சென்றோம். கண்டி, திம்புள்ள, ஊவா என்று நம் மலைகளின் பெயர்கள் பொன்னெழுத்தில் மின்னின. மனம் பூரித்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது அப்பூரிப்புச் சற்றுத் தணிந்தது. சிலவற்றின் முதுகில், பொதி செய்யப்பட்ட இடம் ஐக்கிய அரபு இராச்சியம் என்று அச்சிடப்பட்டிருந்தது.

டுபாயில் ஒரு தேயிலைச் செடியேனும் இல்லை, இருக்கவும் இயலாது. ஆயினும் 2005இல் அவ்வரசு யெபல் அலியில் ஒரு தேயிலை நிலையத்தை அமைத்தது. இலங்கை, இந்தியா, கென்யா முதலிய நாடுகளின் தேயிலை அங்கே வந்து இறங்குகிறது, களஞ்சியத்தில் வைக்கப்படுகிறது, கலக்கப்படுகிறது, பொதி செய்யப்பட்டு மீண்டும் உலகெங்கும் போகிறது. இன்று தேயிலையை மறு ஏற்றுமதி செய்வோருள் முன்னணியில் நிற்பது அந்தச் செடியில்லா நாடு.

கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் யேம்சு டெயிலர் 1867இல் தேயிலையை வணிகப் பயிராக நட்டார் என்று பாடநூல்கள் கூறுகின்றன. குழியை வெட்டியவர், நாற்றை நட்டவர், கொழுந்தைக் கிள்ளியவர் நம்மவர் என்பதை அப்பாடநூல்கள் விரித்துக் கூறுவதில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும், கொழுந்து பறிக்கும் கைக்கு வந்து சேர்ந்தது என்ன? 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபா ஆயிற்று. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. திர்ஹாம் ஒன்று எண்பது ரூபாவுக்குச் சற்று மேல் எனக் கொண்டால், அந்த உயர்ந்த தொகையும் 22 திர்ஹாமைத் தாண்டாது. பெருங்கோபுரத்தில் ஒருமுறை ஏறி இறங்கும் கட்டணம், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் ஒரு வாரச் சம்பளத்தை விழுங்கிவிடும். டுபாய்த் தெருக்களில் ஏலக்காய் இட்ட பால் தேநீரைக் கரக் என்று அழைத்து விரும்பிப் பருகுகின்றனர். அக்கோப்பையை ஏந்தி நின்றபோது இக்கணக்கே எம் நாவில் கசந்தது.

இதற்கு அந்நாட்டாரைக் குறை கூறுதல் பேதைமை. அவர்கள் திருடவில்லை, வாங்கி விற்றார்கள். விளைவிப்பவனுக்கும் அருந்துபவனுக்கும் இடையே உள்ள வழியில் எங்கே பணம் தங்குகிறது என்று கண்டு, அங்கே கடை விரித்தார்கள். நாம் மூட்டையாக விற்று நின்றுவிட்டோம்.

கட்டியவன் எங்கே?

இனி, விடுமுறைப் பயணிக்கு எவரும் காட்டாத பகுதிக்கு வருவோம். மாலை மங்கும் நேரத்தில் நெடுஞ்சாலைகளில் வரிசை வரிசையாகப் பேருந்துகள் செல்கின்றன. சன்னல்களில் சாய்ந்து உறங்கும் முகங்கள் தெரியும். கட்டட வேலை முடிந்து தொழிலாளர் தம் விடுதிகளுக்குத் திரும்பும் வேளை அது. நகரின் ஓரத்தில் உள்ள அத்தகைய குடியிருப்பு ஒன்றுக்குச் சோனாபூர் என்று பெயர் வழங்குகிறது. இந்தியில் அதற்குப் பொன்னூர் என்று பொருள். ஓர் அறையில் பலர், அடுக்குக் கட்டில்கள், பொதுச் சமையற்கட்டு. மலைநாட்டில் பிறந்த எவர்க்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டன் பூட்டன் வாழ்ந்த லயக் காம்பராக்களின் தம்பிதான் இது.

ஒற்றுமை அவ்வளவோடு நிற்கவில்லை. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கடனோடு கப்பலேறியவர் நம் முன்னோர். முகவரிடம் கடன்பட்டு விமானம் ஏறுபவர் இன்றைய தொழிலாளர். கடன் தீர்ந்தது என்ற “துண்டு” கையில் இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்குப் போக இயலாத காலம் ஒன்று இருந்தது. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. வளைகுடா நாடுகளில் கபாலா என்னும் முறை, வேலைகொள்வோனின் பொறுப்பிலேயே தொழிலாளியின் இருப்புரிமையைக் கட்டி வைத்தது. அதுவும் ஒருவகைத் துண்டே.

நேர்மையாகப் பேசுமிடத்து, அங்கே திருத்தங்களும் வந்துள்ளன. சம்பளத்தை வங்கி வழியாகவே செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு 2009இல் வந்தது. வீட்டுப் பணியாளர்க்கென 2017இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளியின் கடவுச்சீட்டைப் பறித்து வைத்தல் சட்ட விரோதம். ஆண்டுதோறும் யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்குதல் தடுக்கப்பட்டுள்ளது. அங்கு உழைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீடு கட்டியோர் நம் ஊர்களில் ஏராளம். இவற்றை மறைப்பது அறமன்று. ஆயினும் சட்டம் ஏட்டில் இருப்பதும், அராபி மொழி அறியாத ஒரு பெண் நான்கு சுவருக்குள் அதைத் தேடிப் பெறுவதும் ஒன்றல்ல.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கை நாம் மறக்கலாகாது. வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதி அராபியாவுக்கு அனுப்பப்பட்ட அந்தச் சிறுமி, அவ்வீட்டுக் குழந்தையின் இறப்புக்குக் குற்றவாளியாக்கப்பட்டு, 2013 சனவரி 9ஆம் நாள் தலை துண்டிக்கப்பட்டாள். 2022 நவம்பரில், சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட நம் நாட்டுப் பெண்கள் ஓமானில் விற்பனைப் பொருளாக்கப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கிற்று. “முதலில் சுற்றுலாப் பயணியாகப் போ, பிறகு வேலை தேடித் தருகிறோம்” என்னும் ஆசை வார்த்தை இன்றும் தோட்டங்களிலும் கிராமங்களிலும் உலவுகிறது. விடுமுறைக்குப் போகிறவருக்கும் ஏமாற்றப்பட்டுப் போகிறவருக்கும் ஒரே விசா, ஒரே விமானம். பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண் எதற்காகப் போகிறாள் என்று நாம் கேட்கிறோமா?

எல்லாவற்றினும் ஆழமாக எம்மைத் தைத்தது வேறொன்று. அந்நகரில் வாழ்வோரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் வெளிநாட்டினர். முப்பது ஆண்டு உழைத்தவரும் வேலை முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியவரே. செல்வர்க்கும் சிறப்புத் திறன் உடையோர்க்கும் 2019 முதல் நீண்டகாலப் பொன் விசா உண்டு. 2021இல் அத்தகையோருள் தெரிந்தெடுத்த சிலர்க்குக் குடியுரிமை வழங்கவும் வழி செய்யப்பட்டது. கல்லும் மண்ணும் சுமந்தவர்க்கு அவ்வழி திறக்கவில்லை. ஆட்சியோ பரம்பரை மன்னராட்சி; வாக்கைக் கொண்டு அதை மாற்றுவார் எவரும் இலர்.

நம் நாட்டில் நடந்தது என்ன? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், மலைநாட்டை உருவாக்கிய ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்களை ஒரே நாளில் நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் அம்மக்களை ஆடுமாடுபோல் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எழுதியது. எஞ்சியோரைப் பின்னர் பார்ப்போம் என்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கறை ஏட்டளவிலேனும் கழுவப்பட்டது. வளைகுடா அரசுகள் தொழிலாளரை அழைக்கும்போதே “நீ விருந்தாளி, குடிமகனல்லன்” என்று சொல்லி அழைக்கின்றன. நம் நாடோ, நூறாண்டுக்கு மேல் உழைப்பை வாங்கிக்கொண்ட பின், இந்த மண்ணில் பிறந்தவனைப் பார்த்து “நீ யார்?” என்று கேட்டது. ஆதலின் டுபாய்த் தொழிலாளியைக் கண்டு இரக்கப்படும் உரிமை நமக்கு உண்டு. ஏளனம் செய்யும் உரிமை இல்லை.

கடனும் மழையும்

டுபாயின் வரலாற்றில் வெற்றி மட்டுமே உண்டு என்று எண்ண வேண்டா. 2009 நவம்பரில் அதன் பெரு நிறுவனம் ஒன்று கடனைச் செலுத்தத் தவணை கேட்டது. உலகச் சந்தைகள் நடுங்கின. அண்டை அபுதாபி 1,000 கோடி டொலர் கொடுத்துக் கைதூக்கியது. அதுவரை டுபாய்க் கோபுரம் என்று வழங்கிய பெருங்கட்டடம், திறப்பு நாளன்று அபுதாபி மன்னர் கலீபாவின் பெயரைப் பெற்றது. நமக்கு 2022 ஏப்பிரிலில் கடன் முறிந்தபோது எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் தெருவில் நின்றோம். அவ்வாண்டு இங்கே நடக்கவிருந்த ஆசியக் கிண்ணக் கிரிக்கெற் போட்டிகளை அந்நாட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நம் இளைஞர் அங்கே சென்று கிண்ணத்தை வென்று வந்தனர். பல்லேகல மைதானமும் டுபாய் மைதானமும் ஒரே ஆண்டில், 2009இல், திறக்கப்பட்டவை. ஆற்றலில் நம்மவர் குறைந்தவரல்லர். வீட்டை நடத்தத் தெரியாமையே குறை.

2024 ஏப்பிரில் 16ஆம் நாள் டுபாயில் பெய்த மழை, ஓராண்டில் பெய்ய வேண்டியதை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. நெடுஞ்சாலைகள் ஆறாயின, விமான நிலையம் முடங்கிற்று. குடிநீருக்குக் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் நகரம், வானத்து நீரைத் தாங்க வழி செய்யவில்லை. நமக்கோ மழையும் உண்டு, மகாவலியும் உண்டு. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரையே நீருக்குக் கொடுத்தோம். அந்நீர் நம் சிறு கமக்காரனின் வரம்பு வரை வருகிறதா என்பதே கேள்வி.

எதைக் கொண்டு வருவது?

விடுமுறை முடிந்து திரும்புவோர் பொன்னும் பேரீச்சம்பழமும் கொண்டு வருகின்றனர். அவற்றோடு சில எண்ணங்களையும் கொண்டு வர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

முதலாவது, விளைபொருளைப் பற்றியது. இலங்கைத் தேயிலையின் பெரும்பங்கை இன்று சிறு உடைமையாளரே தருகின்றனர். தேயிலை, மிளகு, கராம்பு விளைவிப்போர் கூட்டுறவாகச் சேர்ந்து, தரம் பிரித்து, தம் பெயரிலேயே பொதி செய்து, நேரே வளைகுடாக் கடைகளுக்கு அனுப்ப வழி தேட வேண்டும். பல்லேகலவில் கைத்தொழிற் பேட்டை இருக்கிறது. ஆடை தைக்க இடம் தந்த அங்கே, அயலிலே விளையும் வாசனைப் பொருளைப் பொதி செய்ய இடம் கேட்பது நியாயமான கோரிக்கை. கணக்காளரும் பொறியியலாளரும் வழக்கறிஞரும் நம் சமூகத்தில் இன்று உள்ளனர். கமக்காரன் தனியே செய்ய முடியாததை அவர்கள் உடனிருந்தால் செய்யலாம்.

இரண்டாவது, புறப்படும் தொழிலாளரைப் பற்றியது. 2024இல் வெளிநாட்டு உழைப்பாளர் இந்நாட்டுக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 657 கோடி டொலர். அதே ஆண்டில் தேயிலை ஈட்டியது ஏறத்தாழ 143 கோடி டொலர். தேயிலையைப் போல் நான்கு மடங்குக்கு மேல் ஈட்டித் தருவோர்க்கு அரசு செய்ய வேண்டிய கடமைகள் மிகச் சிலவே. அவர் கையொப்பமிடும் ஒப்பந்தம் அவர் தாய்மொழியில் இருக்க வேண்டும். அதை ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். தூதரகத்தில் தமிழில் அழுதால் தமிழில் மறுமொழி சொல்ல ஆள் இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்கு ஆள் அனுப்பும் தரகர் சிறைக்குப் போக வேண்டும். ஊர்தோறும் உள்ள ஆசிரியர்களும் கிராம அலுவலர்களும், பதிவு செய்யாமல் எவரும் புறப்படாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, ஒற்றுமையைப் பற்றியது. 2024இல் டுபாய்க்கு 1 கோடியே 87 இலட்சம் பயணிகள் வந்தனர். நம் நாடு முழுவதற்கும் வந்தோர் 20 இலட்சத்துக்குச் சற்று மேல். காடும் மலையும் அருவியும் கடலும் பெற்ற நாடு நமது. ஆயினும் 2018 மார்ச்சில், பல்லேகலவுக்கு அடுத்த திகனவில் முசுலிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன; நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. யெபல் அலியில் கிறித்தவத் தேவாலயங்களுக்கும் சீக்கியர் குருத்துவாராவுக்கும் அருகே 2022 அக்டோபரில் ஓர் இந்துக் கோயில் திறக்கப்பட்டது. அதை வணிகத் தந்திரம் என்று சிலர் கூறலாம். தந்திரமாகவேனும் அமைதியைக் காப்பவன், கொள்கை பேசிக்கொண்டு அண்டை வீட்டுக்குத் தீ வைப்பவனை விட மேலானவன்.

நான்காவது, நிலத்தைப் பற்றியது. 2023இல் மலையக மக்கள் தம் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். இருநூறு ஆண்டுக்குப் பின்னும் லயத்தின் கூரையைத் தன் கூரை என்று சொல்ல முடியாதவர் பல்லாயிரம் பேர். ஒரு துண்டு நிலமும் அதன் உறுதியும் கையில் இருந்தால், கைக்குழந்தையை விட்டு ஒரு தாய் விமானம் ஏற வேண்டிய நிலை எத்தனை வீடுகளில் வராது போகும் என்பதை அரசினர் எண்ணிப் பார்க்கட்டும். சம்பளத்தை நூறும் இருநூறுமாக ஏற்றிவிட்டு, நிலக் கேள்வியைத் தள்ளிப் போடும் பழைய விளையாட்டு இனியும் செல்லாது.

நம் மக்கள் டுபாய்க்குச் செல்லட்டும், கோபுரத்தில் ஏறட்டும், பிள்ளைகளுக்குப் பாலைமணலைக் காட்டட்டும். பெட்டியில் பொருள்களை அடுக்கும்போது, கடையில் கண்ட கண்டித் தேயிலைப் பெட்டியின் முதுகில் எழுதியிருந்ததையும், மாலைப் பேருந்தில் உறங்கிய முகங்களையும் மனத்தில் அடுக்கிக்கொண்டு திரும்பட்டும். திரும்பியபின் தம் தொகுதிப் பிரதிநிதியிடம் மேற்கண்ட நான்கையும் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்கட்டும். கேட்பார் பெருகினாலன்றி இந்நாட்டில் எதுவும் நடந்ததில்லை.